மாடிப்படி திரும்பும் இடத்துச் சுவர்: வாசகர் கேள்வி-பதில்

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் மச்சுக்கு ஏறும் மரப்படி ஏதாவது ஒரு மூலையில், அரை இருட்டில் இருக்கும். அதை அழகுபடுத்த வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. இப்போது கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கட்டும் வீடுகளில் வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவதே மாடிப்படியும், அது பாதியில் திரும்பும் லேண்டிங் சுவரும்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்கும் சுவரை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹாலில் உட்கார்ந்தால் நேர் எதிரே லேண்டிங் சுவர். 8 அடி அகலம், 12 அடி உயரம், மொட்டையாக நிற்கிறது. குடும்பப் படங்களை வரிசையாக மாட்டலாமா, ஒரே பெரிய படமாக வைக்கலாமா?
(வாசகி, பொள்ளாச்சி)

ஒரே பெரிய பொருள். காரணம் சொல்கிறேன்.

லேண்டிங்கில் யாரும் பத்து நிமிடம் நிற்பதில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் கீழே சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள். லேண்டிங் தரை பெரும்பாலும் ஹால் தரையிலிருந்து 5 அடி மேலே இருக்கும். அங்கே நின்று பார்க்கும் கண்மட்டத்துக்கு ஒரு படத்தை மாட்டினால், ஹாலில் இருப்பவருக்கு அது 10 அடி உயரத்தில் தெரியும். 15 அடி தள்ளி உட்கார்ந்து, 10 அடி உயரத்தில் இருக்கும் அஞ்சலட்டை அளவுப் படத்தில் யார் முகமும் தெரியாது. சின்னச் சின்னக் கட்டங்களாக மட்டும்தான் தெரியும்.

அதனால் சுவர் அகலத்தில் பாதிக்குக் குறையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சுவருக்கு 4 முதல் 5 அடி அகலம் சரியாக இருக்கும். அதன் நடுப்பகுதி லேண்டிங் தரையிலிருந்து நாலரை அடியில் வரட்டும். 12 அடிச் சுவர் என்பதற்காக மேலே மேலே ஏற்ற வேண்டாம். மேல் பகுதி வெறுமையாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கைப்பிடிக் கம்பிகள் படத்தின் அடிப்பகுதியை மறைக்கிறதா என்று சோபாவிலிருந்து பார்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நீங்கள் நினைக்கும் அளவில் ஒரு தாளாக்கிச் சுவரில் டேப் போட்டு இரண்டு நாள் விட்டுவையுங்கள். காலையில் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை பாருங்கள். என்னிடம் வருகிற எல்லோரையும் இதைச் செய்யச் சொல்கிறேன். அநேகமாக எல்லோருமே முதலில் நினைத்த அளவைப் பெரிதாக்கிக்கொண்டுதான் திரும்பி வருவார்கள்.

குடும்பப் படங்களை விட்டுவிட வேண்டாம். படி ஏறும்போது கை எட்டும் தூரத்தில் பக்கச் சுவர் ஒன்று இருக்குமே, அதில் மாட்டுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அருகில் பார்த்துக்கொண்டே போகலாம்.

அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கிய பவானி ஜமக்காளம் பெட்டியிலேயே கிடக்கிறது. அதை லேண்டிங் சுவரில் தொங்கவிடலாமா? ஆணி அடித்தால் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, ஈரோடு)

தாராளமாகத் தொங்கவிடுங்கள். இந்தத் தடவை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் ஊர்ப் பொருள், நம் வீட்டுக் கதை, அதுவும் பெரிய சுவருக்கு ஏற்ற அளவில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

ஜமக்காளத்தில் ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், தடிமனாக, நெருக்கமாக இருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அநேகமாக வெளியே தெரியாது. அந்தப் பட்டை பட்டையான நிறங்கள் ஊடையில் வருபவை. நீளவாக்கில் தொங்கவிட்டால் பட்டைகள் படுக்கையாக வரும், ஒடுங்கிய உயரமான சுவர் கொஞ்சம் அகலமாகத் தோன்றும். உங்கள் சுவர் குள்ளமாக இருந்தால் அகலவாக்கில் திருப்பித் தொங்கவிடுங்கள்.

நீங்கள் பயந்தது சரிதான், ஆணி கூடாது. ஓர் ஆணியில் முழு எடையும் நின்றால் அந்த இடத்தில் நூல் விலகி ஓட்டையாகிவிடும். பசை போட்டு ஒட்டவும் கூடாது. செய்ய வேண்டியது இது: பின்பக்கம், மேல் ஓரத்தை ஒட்டி, 4 அங்குல அகலத்தில் ஒரு காடாத் துணியைக் குழாய் போலக் கையால் தைத்துவிடுங்கள். அதற்குள் அலுமினியக் குழாய் ஒன்றை நுழைத்து, சுவரில் மூன்று கொக்கிகள் அடித்து அவற்றின்மேல் வையுங்கள். எடை மேல் ஓரம் முழுக்கப் பரவிவிடும். ஜமக்காளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓரிரண்டு அங்குலம் இடைவெளி இருக்கட்டும். ஈரமும் பூச்சியும் அண்டாது. இன்னொரு பலனும் உண்டு. இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்திருக்கும் ஹாலில் பேசினால் குரல் எதிரொலிக்கும். கனமான துணி ஒன்று தொங்கினால் அது ஓரளவு குறையும்.

மாட்டுவதற்கு முன் ஓர் ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் நனைக்க வேண்டாம், நிழலில் உதறினால் போதும். கஞ்சி போடாதீர்கள், வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் கஞ்சி என்றால் விருந்து. சாயங்கால வெயில் நேராக விழும் சுவராக இருந்தால் திரைச்சீலை கட்டாயம். வெயில் பட்ட பாதி மட்டும் வெளுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, உதறி, ஒரு மாதம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு: பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கு என்று ஒதுக்கிய துணி வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்று சொல்லி விற்கிறார்கள். முடிந்தால் பவானிக்கே போய், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். சுவர் அளவைச் சொல்லி அதற்கேற்ற அளவில் கிடைக்குமா என்றும் அங்கேயே கேட்டுவிடலாம். அந்தத் தறிகள் தொடர்ந்து ஓட வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

லேண்டிங் சுவரில் உப்புப் பூத்து பெயிண்ட் உரிகிறது. வால்பேப்பர் ஒட்டினால் மறைந்துவிடுமா?
(வாசகர், காங்கேயம்)

மறையும், ஒரு மழைக்காலம் வரைக்கும். அப்புறம் வால்பேப்பரும் சேர்ந்து உரிந்து வரும்.

செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு சுவர்மேல் தங்கிவிடும். நம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பாக இருக்கிறது. அதிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றி நனைத்த சுவர்களில் இது அதிகம் வருகிறது. ஆனால் உப்பு மட்டும் இருந்தால் போதாது, ஈரமும் வேண்டும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்து முத்தாக நின்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறதா, வெளிப்பூச்சில் விரிசல் இருக்கிறதா, மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை, மாசியில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே புட்டியும் பெயிண்டும். அதுவரை எதையும் மாட்ட வேண்டாம்.

படி ஏறும்போது நேரெதிரே ஆளுயரக் கண்ணாடி வைக்கலாமா?
(வாசகி, திருப்பூர்)

வேண்டாம். வாஸ்துவுக்காகச் சொல்லவில்லை. இறங்கும்போது கண்ணாடியில் படிகள் இரட்டையாகத் தெரிந்தால் கால் வைக்கும் கணக்கு தப்பும், வயதானவர்களுக்கு ரொம்பவே ஆபத்து. வெளிச்சத்துக்காகத்தான் கண்ணாடி என்றால் சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள்.

இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த இடத்தில் பெரிய தொங்கு விளக்குப் போட ஆசை. மேற்கே பெரிய ஜன்னல்.
(வாசகர், உடுமலைப்பேட்டை)

உங்கள் ஊரில் காற்றாலைகள் எதற்காக நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் அந்த ஜன்னலைத் திறந்ததும் நேராக விளக்கில் மோதும். கண்ணாடித் துண்டுகள் தொங்கும் சரவிளக்கு நாள் முழுக்க ஆடி மோதிக்கொண்டிருக்கும். தூசியும் படியும், துடைக்க ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டும்.

தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால் மூங்கிலிலோ பிரம்பிலோ முடைந்த, காற்றை உள்ளே விடும் கூடை விளக்கைப் பாருங்கள். அதையும் மேல் லேண்டிங்கிலிருந்து கம்பு கொண்டு எட்டக்கூடிய இடத்தில் மாட்டுங்கள். கொக்கி கான்கிரீட்டில் இருக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் கூடாது. என்னைக் கேட்டால் சுவரில் 7 அடி உயரத்தில் இரண்டு விளக்குகள், 3000 கெல்வின் வார்ம் ஒயிட் பல்பு, கீழேயும் மேலேயும் டூ-வே சுவிட்ச். படி விளிம்பு தெளிவாகத் தெரியும், பல்பு மாற்ற ஸ்டூல் போதும்.

கணவரின் அப்பாரு, ஆத்தா (தாத்தா, பாட்டி) படங்களை லேண்டிங்கில் மாட்டி விளக்கு வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். நடமாடும் படியில் பெரியவர்கள் படத்தை வைப்பது மரியாதைக் குறைவாகுமோ என்று எனக்குத் தோன்றுகிறது.
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறதுங்க. வீட்டில் எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்து முறை கடக்கும் இடம் அது. பெரியவர்கள் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று அவர் நினைக்கிறார். உங்கள் தயக்கமும் நியாயமானதே, அதனால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். மேல் படிக்குக் கீழே சரிவாக வரும் பக்கத்தில் மாட்டாதீர்கள், அங்கேதான் தலைக்கு மேலே ஆட்கள் நடப்பார்கள். ஏறும்போது நேராகப் பார்க்கும் சுவரில், படத்தின் நடுப்பகுதி 5 அடி உயரத்தில் வரட்டும்.

எண்ணெய் விளக்கு மட்டும் அங்கே வேண்டாம். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் டைல்ஸில் கால் வழுக்கும், புடவைத் தலைப்பும் சுடர் உயரத்தில்தான் வரும். விளக்கைப் பூஜை அறையில் ஏற்றிவிட்டு, படத்துக்கு மேலே சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று போடுங்கள். மாமியாரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

இன்னொன்று. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை மாட்டாதீர்கள். ஸ்கேன் செய்து பெரிதாகப் பிரிண்ட் போட்டு அதை மாட்டுங்கள். மூலப்படத்தை வெளிச்சம் படாமல் பீரோவில் வையுங்கள். வெயிலில் வெளுத்த முகம் திரும்ப வராது. சட்டத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடச் சொல்லுங்கள், விழுந்தாலும் சிதறாது.

தோட்டத்தில் பழைய மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்று இருக்கிறது. லேண்டிங்கில் சாய்த்து வைத்தால் நன்றாக இருக்குமா? பக்கத்தில் செடிகளும் வைக்கலாம் என்றிருக்கிறேன்.
(வாசகர், தாராபுரம்)

சக்கரம் அருமையான யோசனை, சாய்த்து வைப்பதுதான் வேண்டாம். வீட்டுப் படிக்கட்டு குறைந்தது 1 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம் வீட்டு லேண்டிங்குகள் மூன்றரை அடிதான் இருக்கும். சக்கரத்தைச் சாய்த்தால் ஓர் அடி போய்விடும். கட்டிலோ பீரோவோ மேலே ஏற்றும்போது திருப்ப முடியாது. உடம்புக்கு முடியாத ஒருவரை நாற்காலியில் வைத்து இறக்க வேண்டிய நேரமும் ஒரு வீட்டில் வரும்.

சக்கரத்தைச் சுவரோடு ஒட்டித் தட்டையாக மாட்டுங்கள். கருவேல மரமும் இரும்புப் பட்டாவும் சேர்ந்து நல்ல எடை இருக்கும், எடை போட்டுப் பார்த்துவிட்டே ஆளைக் கூப்பிடுங்கள். செங்கல் சுவரா ஹாலோ பிளாக்கா என்பதைப் பொறுத்துப் பிடிமான போல்ட் மாறும். ஹாலோ பிளாக் என்றால் சாதாரணப் பிளக் நிற்காது, சக்கரத்தின் எடையைத் தரையில் ஊன்றிய இரும்புத் தாங்கி ஏற்க வேண்டும். கரையான் மருந்து அடித்து, வெயிலில் காயவைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். சக்கரம் கனம் அதிகம் என்று தோன்றினால் வீட்டில் இருக்கும், தானியம் அளக்கும் படி, வள்ளம் போன்ற அளவைகளைச் சுவரில் ஒரு மரப்பலகை அடித்து வரிசையாக வைக்கலாம். அதுவும் தோட்டத்து ஞாபகம்தான்.

செடி ஒன்று போதும். வெயில் குறைந்த இடத்தில் பாம்புச்செடி தாக்குப்பிடிக்கும். மண் காய்ந்த பிறகே தண்ணீர், தொட்டிக்கு அடியில் தட்டு. கைக்குழந்தை இருந்தால் மணி பிளான்ட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள், இலையைக் கடித்தால் வாய் எரியும்.

லேண்டிங் ஜன்னலை ஒட்டித் திண்ணை மாதிரி கட்டி, கீழே சின்னக் கம்பளம் போட்டுப் படிக்கும் இடமாக்கலாமா? குழந்தைக்கு மூன்று வயது.
(வாசகி, நாமக்கல்)

லேண்டிங் 5 அடிக்கு மேல் ஆழம் இருந்தால் கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம், மேலே கடப்பா கல். அதற்குமேல் நடக்க மூன்றரை அடி மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் திண்ணை கைப்பிடியைத் தொடக் கூடாது. குழந்தை ஏறி நின்றால் 3 அடிக் கைப்பிடி ஒன்றரை அடியாகிவிடும். ஜன்னலுக்குக் கம்பி கட்டாயம். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள், படுக்கைவாட்டுக் கம்பியாக இருந்தால் குழந்தை ஏணி போல ஏறிவிடும்.

கம்பளம் வேண்டாம். எங்கள் வீட்டு லேண்டிங்கில் ஒரு சின்ன விரிப்புப் போட்டிருந்தேன். அம்மா மேலிருந்து இறங்கும்போது அது நழுவி, மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். அன்றைக்குச் சுருட்டியதுதான், நான் வேலை செய்யும் எந்த வீட்டு லேண்டிங்கிலும் இன்றுவரை தரையில் துணி போடுவதில்லை. திண்ணைமேல் சென்னிமலைப் போர்வை ஒன்றை மடித்துப் போடுங்கள், உட்காரவும் மெத்தென்று இருக்கும்.