பழகிய வி-ஸ்ட்ராமைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 2013-ஆம் வருட சுஸுகி வி-ஸ்ட்ராம் 650 பைக் இருக்கிறது. புதிதாக வாங்கியது, 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு தடவைகூட என்னை வழியில் நிறுத்தியதில்லை. ஆனால் சமீபமாக பிரேக் பிடித்தால் முன்பக்கம் ரொம்ப முங்குகிறது, மோசமான ரோட்டில் இடுப்பு வலிக்கிறது. போன வாரம் வி-ஸ்ட்ராம் 800டிஇ டெஸ்ட் ரைடு போனேன், மிதப்பது போல இருந்தது. பழைய பைக்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். எனக்கு வயது 51, உயரம் 168 செ.மீ. வருடத்துக்கு 7,000 கி.மீ. ஓட்டுவேன். பெரும்பாலும் தார் ரோடு, பத்தில் ஒரு பங்கு மண், சரளை. வால்வ் கிளியரன்ஸ் (எஞ்சின் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி) கடைசியாகப் பார்த்தது 48,000-இல். மாற்றலாமா?

பதில்: அந்த டெஸ்ட் ரைடை வைத்து முடிவெடுக்காதீர்கள். 800டிஇ நல்ல பைக்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் அதை எதோடு ஒப்பிட்டீர்கள்? 82,000 கி.மீ. ஓடிக் களைத்துப்போன ஸ்பிரிங், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எப்போது மாற்றியது என்றே நினைவில்லாத ஆயில், இவற்றோடு. சஸ்பென்ஷன் ஒரே நாளில் கெடுவதில்லை. நூல் நூலாகத் தளரும், நாமும் அதற்கேற்ப உடம்பை வளைத்துக்கொண்டே போவோம். திடீரென்று புது பைக்கில் ஏறினால் சொர்க்கமாகத்தான் தெரியும். நீங்கள் மெய்மறந்தது புது பைக்கிலா, புது ஷாக் அப்சார்பரிலா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பல வருடம் வைத்திருந்த ஒற்றை சிலிண்டர் பைக்கை இதே மாதிரி ஒரு டெஸ்ட் ரைடு முடிந்த வாரத்திலேயே விற்றேன். வாங்கியவர் ஃபோர்க் ஸ்பிரிங், பின் ஷாக், ஸ்டீரிங் பேரிங் மூன்றையும் மாற்றிவிட்டு அடுத்த பயணத்துக்கு எங்களோடு அதே பைக்கில் வந்தார். நடுவில் அரைமணி நேரம் வண்டியை மாற்றி ஓட்டினோம். இறங்கியபோது நான் எதுவும் பேசவில்லை. அவரும் நல்ல மனிதர், எதுவும் கேட்கவில்லை.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். பின்பக்கத்துக்கு ஒரு டேப், ஒரு நண்பர், பத்து நிமிஷம் போதும். பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்படி பைக்கை நிறுத்தி, சக்கர அச்சிலிருந்து நேர்மேலே பாடியில் ஓரிடத்தைக் குறித்து அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு சைடு பாக்ஸ் உட்பட நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையோடு, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு உட்காருங்கள். நண்பர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். உங்கள் பைக்கின் பின் சஸ்பென்ஷன் மொத்தம் சுமார் 160 மி.மீ. அசையும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 மி.மீ.யை ஒட்டி இறங்கினால் சரி. ஸ்பிரிங்கை இறுக்கும் ப்ரீலோடு குமிழைக் கடைசிவரை திருகிய பிறகும் 65, 70 என்று வந்தால் அந்த ஸ்பிரிங் உங்கள் சுமைக்குப் போதவில்லை. உங்கள் இடுப்பு வலிக்கும் பெரும்பாலும் காரணம் அதுதான். இருக்க வேண்டிய அசைவில் கிட்டத்தட்ட பாதியை உட்காரும்போதே தின்றுவிட்டால், குழியில் விழும்போது தாங்க என்ன மிச்சம் இருக்கும்?

முன்பக்கத்துக்கு இன்னும் சுலபம். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயைச் சுற்றி ஒரு கேபிள் டையை இறுக்கமில்லாமல் மாட்டி, கீழே உள்ள ரப்பர் சீல் வரை தள்ளிவிடுங்கள். ஒரு நாள் வழக்கம்போல ஓட்டுங்கள், இரண்டு மூன்று இடத்தில் நன்றாக பிரேக் பிடியுங்கள். வீட்டுக்கு வந்து டை எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று பாருங்கள். முன்பக்க அசைவு 150 மி.மீ. சாதாரண ஓட்டத்திலேயே டை அதன் எல்லையைத் தொட்டு நிற்கிறது என்றால் ஸ்பிரிங்கும் ஆயிலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இந்த மாடலின் முன் ஸ்பிரிங் மெத்தென்று இருப்பது புதிதாக வந்த நாளிலிருந்தே உள்ள பேச்சு. உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டால், 2013-இல் நீங்கள் ஷோரூமிலிருந்து எடுத்து வந்த பைக்கைவிடவே நன்றாக ஓடும்.

அளந்துகொண்டிருக்கும்போதே முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வரும்போது லேசாகக் 'கடக்' என்று பிடித்து விட்டால் ஸ்டீரிங் பேரிங் போய்விட்டது. பெரிய வேலை இல்லை, ஆனால் பைக் 'நேராகப் போக மாட்டேன் என்கிறது' என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம்.

சரி, இப்போது எஞ்சினுக்கு வருவோம். 'ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையே உங்களைக் கொஞ்சம் அசட்டையாக்கிவிட்டது. இந்த எஞ்சினில் 24,000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வ் கிளியரன்ஸ் பார்க்க வேண்டும். 48,000-இல் பார்த்தீர்கள், 72,000-இல் பார்த்திருக்க வேண்டும். பத்தாயிரம் தாண்டிவிட்டது. 'சத்தமே இல்லையே' என்பீர்கள். அதுதான் சிக்கல். வால்வ் உட்காரும் இடம் தேயத் தேய வால்வ் மேலேறும், இடைவெளி குறையும், சத்தமும் குறையும். இறுகிய வால்வ் சத்தம் போடாது. முழுசாக மூடாமல் சூடான புகை கசிந்து, வால்வின் விளிம்பு கருக ஆரம்பித்த பிறகுதான் காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்குவது, ஐடிலிங்கில் தடுமாறுவது எல்லாம் தெரியவரும்.

எனவே எந்த முடிவுக்கும் முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். எட்டு வால்வுக்கும் என்ன அளவு இருந்தது, இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடான ஷிம்மில் எதை எடுத்து எதைப் போட்டார்கள் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். 48,000-இல் எடுத்த அளவுகள் கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்சமாகத்தான் நகர்ந்திருக்கிறது என்றால் இந்த எஞ்சினுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. 1999-இல் சுஸுகியின் எஸ்வி650 பைக்கில் வந்த வி-ட்வின்னின், அதாவது V வடிவில் அமைந்த இரட்டை சிலிண்டர் எஞ்சினின், வழிவந்தது இது. மெக்கானிக்குகள் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கும் அளவுக்குப் பழகியது, பாகங்களும் பல மாடல்களுக்குப் பொதுவானவை. மாறாக ஏதாவது ஒரு வால்வின் அளவு மட்டும் பெரிதாகக் குறைந்திருந்தால், அல்லது ஆயிரம் கி.மீ.க்குள் எஞ்சின் ஆயில் அளவைக் காட்டும் கண்ணாடியில் அளவு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால், கதை வேறு. அப்போது எக்ஸ்சேஞ்சைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த வண்டிகளில் நான் பயப்படும் இன்னோர் இடம் சார்ஜிங். மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரும், அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையரும் முன்னறிவிப்பு கொடுக்காமல் போகும், அதுவும் ஊரைவிட்டு வெகுதூரம் போன பிறகு. எஞ்சின் சூடான பின் 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களையும் கழற்றி, இரண்டிரண்டாக ஏசி வோல்டேஜ் பார்த்தால் மூன்று ஜோடியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, அவற்றில் எதற்கும் பாடியோடு தொடர்பு இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள். பிரேக் ரப்பர் ஹோஸ் 2013-இல் வந்ததே இன்னும் இருந்தால், மறுபேச்சு இல்லாமல் மாற்றுங்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி இருக்கும் பொருள் அது. பிரேக் மந்தமாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப்பேரின் குறை இதிலும் பழைய பிரேக் ஆயிலிலும் தீர்ந்துவிடும்.

இனி புதுசு. 800டிஇயில் 776 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின், 84 குதிரைத்திறன், இருபக்கமும் 220 மி.மீ. சஸ்பென்ஷன், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும், சரளைக்கென்று தனி மோடு உள்ள டிராக்ஷன் கன்ட்ரோல், பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி, குவிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் வசதி). உங்கள் வண்டியில் டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது, ஏபிஎஸ்ஸையும் அணைக்க முடியாது. சரளை இறக்கத்தில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும்போது வயிறு கலங்குமே, அந்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். வாரா வாரம் அப்படிப்பட்ட பாதையில் போகிறவராக இருந்தால் இந்த வசதிகளுக்காகவே மாற்றச் சொல்வேன். நீங்களோ பத்தில் ஒரு பங்குதான் போகிறீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். புது பைக் என்றாலே வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏபிஎஸ் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு பைக்கின் சாய்வை அளக்கும் சென்சார் வேண்டும். 2014 மாடலாக வந்த கேடிஎம் 1190 அட்வென்ச்சரிலிருந்து பெரிய பைக்குகளில் அது பரவியது. 800டிஇயில் அது இல்லை. பாதுகாப்புக்காகத்தான் மாற்றுகிறேன் என்பது உங்கள் காரணமாக இருந்தால், அந்தக் காசு நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை.

அப்புறம் ஷோரூமில் யாரும் வாய்திறக்காத இரண்டு விஷயம். ஒன்று, டயர். உங்களுடையது அலாய் வீல், டியூப்லெஸ். ஆணி குத்தினால் பிளக் செருகி, காற்றடித்து, கால்மணி நேரத்தில் கிளம்பிவிடுவீர்கள். 800டிஇயில் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை உருவ வேண்டும். கற்றுக்கொள்ளலாம், ஆனால் மழையில் ரோட்டோரம் முதல்முறையாகக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, உயரமும் எடையும். உங்கள் பைக் சுமார் 214 கிலோ, சீட் 835 மி.மீ. டிஇ 230 கிலோ, 855 மி.மீ. இருபது மி.மீ.தானே என்று தோன்றும். 168 செ.மீ. உயரத்துக்கு அந்த இருபது, பாதம் பாதி ஊன்றுவதற்கும் விரல்நுனி மட்டும் தொடுவதற்கும் உள்ள வித்தியாசம். சமதரையில் இது தெரியாது. சைடு பாக்ஸ் நிறைத்து, சரிவில் நின்று, பின்னால் தள்ளி வண்டியைத் திருப்பும்போது தெரியும். ஐம்பதைத் தாண்டிய நமக்கு அட்வென்ச்சர் பைக்கில் கேட்க வேண்டிய நேர்மையான கேள்வி ஒன்று உண்டு: கீழே சாய்ந்தால் தனியாகத் தூக்க முடியுமா?

டிஇதான் வேண்டும் என்று அடம்பிடிக்காவிட்டால், அதே எஞ்சினில் வரும் சாதாரண வி-ஸ்ட்ராம் 800-ஐயும் ஓட்டிப் பாருங்கள். 223 கிலோ, சீட் 825 மி.மீ., முன்னால் 19 அங்குல அலாய் வீல், டியூப்லெஸ். உங்கள் ஓட்டத்துக்கு அதுதான் நெருங்கிய உறவு. நீங்கள் ஏன் நேரே டிஇயிடம் போனீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அது பார்க்க அழகு!

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சில் 'உங்கள் பைக்குக்கு இவ்வளவு' என்று சொல்லும் தொகையைப் பார்க்காதீர்கள். அதைத் தாராளமாக ஏற்றிக் காட்டிவிட்டு, புது பைக்கின் தள்ளுபடியில் கைவைத்துவிடுவார்கள். மொத்தத்தில் உங்கள் பையிலிருந்து போவது எவ்வளவு, அந்த ஒரே எண்ணைக் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்றும் கேட்டுவிட்டால், உங்கள் வண்டிக்கு உண்மையில் என்ன மதிப்பு போட்டார்கள் என்பது வெளியே வந்துவிடும். பன்னிரண்டு வருடப் பைக் இழக்க வேண்டிய மதிப்பையெல்லாம் எப்போதோ இழந்துவிட்டது, இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. புதிதுதான் முதல் இரண்டு மூன்று வருடத்தில் வேகமாக இறங்கும். ஆகவே 'இப்போதே கொடுத்தால்தான் இந்த விலை' என்ற அவசரம் ஷோரூமுக்கு இருக்கலாம், உங்களுக்கு இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? இந்த மாதம் வால்வ் பார்ப்பேன். அளவுகள் சரியாக இருந்தால் முன் ஸ்பிரிங், ஆயில், பின் ஷாக், பிரேக் ஹோஸ், தேவையானால் ஸ்டீரிங் பேரிங். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பார்ப்பேன். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுவேன். இத்தனையும் முடித்து ஒரு நீண்ட பயணம் போய்வந்து, மறுநாளே மறுபடி டெஸ்ட் ரைடு கேட்பேன். அப்போதும் இறங்க மனசு வராவிட்டால் வாங்கிவிடுவேன், குற்ற உணர்ச்சியே இல்லாமல்.

வால்வ் அளவு மோசம் என்று வந்தாலோ, மாற்றுவது என்று ஏற்கெனவே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாலோ, இதில் ஒரு வேலையையும் செய்யாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் வண்டியில் போட்ட ஷாக்குக்கு ஒரு காசும் கூடக் கிடைக்காது. சைடு பாக்ஸ், கிராஷ் கார்டு, கூடுதல் விளக்கு எல்லாவற்றையும் கழற்றித் தனியாக விற்றுவிடுங்கள். பரணில் கிடக்கும் ஒரிஜினல் பாகங்களைத் திரும்ப மாட்டி, சர்வீஸ் பில்களோடும் இரண்டு சாவியோடும் கொண்டுபோங்கள். வால்வ் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று கேட்டால், கொண்டுபோங்கள் என்றுதான் சொல்வேன். அடுத்து அந்த வண்டியை நம்பி ஏறப்போகிறவர் ஒருவர் இருக்கிறார்.