தோற்ற பிறகு பின்லாந்து என்ன செய்தது? கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பின்லாந்து சோவியத் யூனியனோடு இரண்டு முறை மோதியது. 1939 நவம்பர் முதல் 1940 மார்ச் வரை குளிர்காலப் போர். பிறகு 1941 ஜூனிலிருந்து 1944 செப்டம்பர் வரை ஜெர்மனியின் பக்கம் நின்று இன்னொரு போர். இரண்டிலும் தோல்விதான். 1944 செப்டம்பர் 19 அன்று மாஸ்கோவில் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. அதற்கு அப்புறம் அந்த நாடு எப்படிச் சமாளித்தது என்பதைப் பற்றித்தான் உங்கள் கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: போலந்து, ஹங்கேரி மாதிரி இங்கேயும் சோவியத் படை வந்து உட்கார்ந்திருக்கலாமே, ஏன் வரவில்லை?

1944 கோடையில் தென்கிழக்கு எல்லையில் உள்ள கரேலியப் பூசந்தியில் சோவியத் நடத்திய பெரிய தாக்குதலை பின்லாந்துப் படை தாலி-இஹன்தாலா பகுதியில் தடுத்து நிறுத்திவிட்டது. ஸ்டாலினுக்கு பெர்லினை நோக்கிப் போகும் அவசரம். வடக்கே ஒரு சிறிய நாட்டுக்காக மேலும் படையைச் செலவழிப்பதைவிட நல்ல விலைக்கு ஒப்பந்தம் போடுவது லாபம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் முழுக்கத் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. நேச நாடுகளின் கட்டுப்பாட்டு ஆணையம் ஹெல்சிங்கியின் டோர்னி ஹோட்டலில் வந்து தங்கியது. பெயர்தான் நேச நாடுகள், கை சோவியத் கை. தலைவர் ஆந்திரேய் ஷ்தானோவ். தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் போர்க்கலாவை ராணுவத் தளத்துக்காக 50 வருடக் குத்தகைக்கும் கொடுத்தார்கள். பின்னாளில் அந்த வழியாகப் போன பின்லாந்து ரயில்களின் ஜன்னல்களை மூடிவிட்டுத்தான் அனுப்பினார்கள். சொந்த நாட்டுக்குள் பயணம், ஆனால் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது!

கேள்வி: ஜெர்மானியர்கள் கூட்டாளிகள்தானே, அவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்களைத் துரத்துவதும் போர்நிறுத்த நிபந்தனைகளில் ஒன்று. வடக்கே லாப்லாந்தில் நேற்றைய நண்பர்களோடு 1945 வசந்தம் வரை சண்டை. பின்வாங்கிய ஜெர்மன் படை ரோவனியெமி நகரத்தை எரித்து, சாலைகளில் கண்ணிவெடி வைத்துவிட்டுப் போனது. இதே சமயத்தில் பின்லாந்து தன் படையைக் கலைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். அதுவும் ஒரு நிபந்தனை.

கேள்வி: அகதிகள் எத்தனை பேர்? முகாம்களில் வைத்திருந்தார்களா?

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. சோவியத்திடம் போனது நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு: கரேலியாவின் பெரும்பகுதி, விபோர்க் நகரம், வடக்கே பெட்சமோ. அங்கிருந்து 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். மொத்த மக்கள்தொகையே அப்போது 40 லட்சத்துக்குக் கீழ். பலருக்கு இது இரண்டாவது வெளியேற்றம். 1940-இல் கிளம்பி, இடையில் ஊர் மீண்டும் கைக்கு வந்ததும் திரும்பிப் போய் வீடு கட்டி, 1944-இல் மறுபடியும் மூட்டை கட்டியவர்கள்.

நிரந்தர முகாம் என்ற யோசனைக்கே அரசு போகவில்லை. 1945-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. அரசு, உள்ளாட்சிகள், கம்பெனிகள், தேவாலயம், பெரிய பண்ணையார்கள் என்று எல்லோரிடமிருந்தும் நிலம் எடுத்து, இழந்தவர்களுக்கும், போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும், போர் விதவைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நிலம் கொடுத்தவர்களுக்கு இழப்பீடாகக் கடன்பத்திரம் கிடைத்தது. விலைவாசி ஏறியதில் அந்தப் பத்திரத்தின் மதிப்பு கரைந்துபோனது. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. சுவீடிஷ் பேசும் பகுதிகளில் மொழி விகிதம் மாறக் கூடாது என்று அங்கே குடியேற்றத்துக்குச் சட்டத்திலேயே வரம்பு வைத்தார்கள்.

முடிந்தவரை ஒரே ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் குடியமர்த்தப் பார்த்தார்கள். கரேலியர்கள் தங்கள் சமையலையும் கூடவே கொண்டுவந்தார்கள். கோதுமை போன்ற ரை தானியத்தின் மாவில் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுடும் கரேலியப் பை இன்று நாடு முழுக்கக் கிடைக்கிறது.

வெளியுறவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 4 லட்சம் பேர் பத்து வருடம் முகாமில் கிடந்திருந்தால், கரேலியாவை மீட்போம் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கும். மாஸ்கோவுக்கு அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

கேள்வி: போர் இழப்பீட்டை முழுதாகக் கட்டிய ஒரே நாடு பின்லாந்து என்கிறார்களே, பணம் எங்கிருந்து வந்தது அண்ணா?

"ஒரே நாடு" என்பது மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும், அதை விடுங்கள். விதித்த தொகை 30 கோடி டாலர், 1938 விலைமட்டத்தை அடிப்படையாக வைத்து. ரொக்கமாக இல்லை, பொருளாக. அங்கேதான் சிக்கல். பின்லாந்திடம் இருந்தது மரம், காகிதம், காகிதக்கூழ். மாஸ்கோ கேட்டதில் பெரும்பங்கு கப்பல்கள், இயந்திரங்கள், கேபிள்கள். தவணை தவறினால் மாதத்துக்கு 5 சதவீதம் அபராதம்.

ஆக, இல்லாத தொழிற்சாலைகளைக் கட்டி, அதில் செய்த பொருளைத் தானமாக அனுப்ப வேண்டிய நிலை. இயந்திரம் வாங்க சுவீடனிடமும் அமெரிக்காவிடமும் கடன் வாங்கினார்கள். 6 வருடக் கெடு 8 ஆக நீண்டது. 1948-இல் பாக்கித் தொகையில் பாதியை சோவியத் குறைத்தது. 1952 செப்டம்பரில் கடைசிச் சரக்கு எல்லை தாண்டியது. அதே கோடையில்தான் ஹெல்சிங்கி ஒலிம்பிக்.

உள்ளூரில் விலைவாசி பறந்தது. 1945 டிசம்பர் கடைசி நாளில் அரசு செய்த வேலை இது: 500, 1000, 5000 மார்க் நோட்டுகளைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டச் சொன்னது! இடது பாதி பாதி மதிப்புக்குக் கொஞ்ச நாள் செல்லும். வலது பாதி அரசுக்குக் கட்டாயக் கடன். நவம்பர் 2016-ஐப் பார்த்த நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. விலைவாசி அடங்கியதா என்றால், பெரிதாக இல்லை.

கேள்வி: சொந்தத் தலைவர்களையே சிறைக்கு அனுப்பியது துரோகம் இல்லையா?

போருக்குப் பொறுப்பானவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று நேச நாடுகளின் கட்டுப்பாட்டு ஆணையம் அழுத்தியது. அதற்காகவே முன்தேதியிட்ட சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றியது. சட்டத்தின் பார்வையில் அசிங்கம்தான், மறுக்க முடியாது. எட்டு அரசியல்வாதிகள் தண்டிக்கப்பட்டார்கள்.

முன்னாள் அதிபர் ரிஸ்டோ ரியூட்டிக்கு 10 வருடம். இவர் கதை தனி. 1944 ஜூனில், "நான் அதிபராக இருக்கும் வரை தனியாகச் சமாதானம் செய்ய மாட்டோம்" என்ற பொருளில் ஹிட்லருக்குத் தன் சொந்தப் பெயரில் வாக்குக் கொடுத்து ஆயுதம் வாங்கினார். ஆகஸ்டில் பதவி விலகினார். அடுத்து அதிபராக வந்த ராணுவத் தளபதி மன்னர்ஹெய்மை அந்த வாக்கு கட்டுப்படுத்தவில்லை. 1949-இல் ரியூட்டிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அந்த எட்டுப் பேரில் இன்னொருவரான வைனோ டான்னர் சிறையிலிருந்து வந்து 1951-இல் மறுபடி நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். தூக்குத் தண்டனை யாருக்கும் இல்லை. விசாரித்ததும் பின்லாந்து நீதிமன்றமே. அந்த ஒரு பிடியை அவர்கள் விடவில்லை.

கேள்வி: கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்க முயலவில்லையா?

1945 தேர்தலில் அவர்கள் அணிக்கு 200-இல் 49 இடம். உள்துறையே அவர்களிடம், அமைச்சர் யூர்யோ லெய்னோ. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கவிழ்த்ததும் ஹெல்சிங்கியிலும் வதந்தி பரவியது. அதிபர் பாசிகிவி படையையும் போலீஸையும் உஷார்படுத்தினார். உண்மையில் திட்டம் இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். மே மாதம் நாடாளுமன்றம் லெய்னோ மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. ஜூலைத் தேர்தலில் 49 இடம் 38 ஆனது. வாக்குச்சீட்டிலேயே முடிந்த விஷயம்.

கேள்வி: சோவியத்தோடு போட்ட 1948 ஒப்பந்தம் சரணாகதியா? நேருவின் அணிசேராமை மாதிரி எடுத்துக்கொள்ளலாமா?

நேருவுக்குக் கிடைத்த தூரம் பாசிகிவிக்குக் கிடைக்கவில்லை. சோவியத்தோடு 1,300 கிலோமீட்டர் எல்லை. 1947-இல் ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா கொண்டுவந்த மார்ஷல் உதவித் திட்டத்துக்கான அழைப்பையே மாஸ்கோவின் முகத்தைப் பார்த்து மறுத்துவிட்டார்கள்.

1948-இல் ஸ்டாலின் ருமேனியா, ஹங்கேரியோடு போட்ட மாதிரி ஒப்பந்தம் கேட்டார். ஏப்ரல் 6-இல் கையெழுத்தானது அதைவிட மெல்லியது. ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ பின்லாந்து வழியாகத் தாக்கினால் பின்லாந்து தன் எல்லைக்குள் போரிடும்; சோவியத் உதவி இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டும். வல்லரசுச் சண்டைகளிலிருந்து விலகி நிற்க விரும்புவதாக முன்னுரையிலேயே எழுதவைத்தார்கள். ரஷ்ய மொழி தெரிந்த, 1920-லேயே சோவியத்தோடு பேச்சுவார்த்தை நடத்திய கிழவர் பாசிகிவி. மாஸ்கோவுக்கு வேண்டியது தன் பாதுகாப்பு, சித்தாந்தம் அப்புறம்தான் என்பது அவர் கணிப்பு. பலித்தது: 1956 ஜனவரியில் போர்க்கலா திரும்ப வந்தது, அதற்கு முந்தைய மாதம் ஐ.நா. உறுப்பினராகியிருந்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் விலையே கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள், அதுவும் நீண்ட காலம். பத்திரிகைகள் சோவியத்தை விமர்சிக்கத் தயங்கின. யார் அமைச்சர் ஆகலாம் என்பதில் மாஸ்கோவின் முகக்குறிப்பு பார்க்கப்பட்டது. கெக்கோனென் 1956 முதல் 1982 வரை அதிபர். 1973-இல் தேர்தலே இல்லாமல், தனிச் சட்டம் போட்டு அவர் பதவிக்காலத்தை நான்கு வருடம் நீட்டினார்கள். மாஸ்கோவுக்கு என்னைவிட்டால் ஆளில்லை என்ற தோற்றத்தை அவரும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். 1948-இல் தேவைப்பட்ட ஜாக்கிரதை 1970-களில் வழக்கமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

கேள்வி: இழப்பீட்டுக்காகக் கட்டிய தொழிற்சாலைகள் பிறகு என்ன ஆயின?

1952-க்குப் பிறகு அதே கப்பலையும் இயந்திரத்தையும் சோவியத் விலைக்கு வாங்கியது. பண்டமாற்றுக் கணக்குதான்: இவர்கள் கப்பல் தருவார்கள், அவர்கள் எண்ணெய் தருவார்கள். 1980-களின் தொடக்கத்தில் பின்லாந்து ஏற்றுமதியில் ஏறக்குறைய கால் பங்கு அங்கேதான் போனது. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது, வாங்குகிறவரே காணாமல் போனார். உள்ளூர் வங்கி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, சில வருடங்களில் வேலையின்மை 15 சதவீதத்தைத் தாண்டியது. அது தனிக் கதை. கேட்டால் இன்னொரு நாள் எழுதுகிறேன்.