டர்ட் பைக்கில் மாட்டும் ஸ்னோ பைக் கிட்களில் எதை வாங்கலாம்?

கேள்வி இது: "என்னிடம் 450 சிசி டர்ட் பைக் இருக்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கராஜில் சும்மா நிற்கிறது. சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஸ்னோ பைக் கிட் மாட்டலாம் என்று ஆசை. டிம்பர்ஸ்லெட், யெட்டி, காம்சோ என்று பார்க்கப் பார்க்கத் தலை சுற்றுகிறது. எது நல்லது?"

முதலில் சின்னப் பதில். 450 சிசி பைக், மலைப்பனி, இரண்டும் இருந்தால் 129 அங்குல ட்ராக், அதாவது பின்சக்கரத்துக்குப் பதில் சுற்றும் ரப்பர் பட்டை. பிராண்டு அதற்கு அப்புறம்தான். உங்கள் பைக்குக்கான ஃபிட் கிட் (கிட்டைப் பைக்கோடு இணைக்கும் பாகங்கள்) எந்தக் கம்பெனியில் உடனே கிடைக்கிறதோ, உதிரி பாகம் எதற்கு ஒரு வாரத்தில் வந்து சேருமோ, அதை வாங்குங்கள்.

இனி பெரிய பதில். நான் கனடாவின் கால்கரியில் இருக்கிறேன். நான்கு குளிர்காலமாக 2017 மாடல் கேடிஎம் 450 எஸ்எக்ஸ்-எஃப் பைக்கில் 120 அங்குலக் கிட் மாட்டி ஓட்டுகிறேன். அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான். கூட வரும் நண்பர்கள் ஒருவரிடம் 129, இன்னொருவரிடம் 137. மலை ஊரான ரெவல்ஸ்டோக் பக்கம் போகும்போது வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் கிட்டில் முன்சக்கரம் போய் ஒற்றை ஸ்கீ வரும். பின்சக்கரமும் ஸ்விங் ஆர்மும் போய், ரப்பர் ட்ராக் சுற்றும் ஒரு நீளமான கூடு வரும். பைக்கின் செயின் அந்தக் கூட்டிலுள்ள ஒரு தண்டைச் சுற்றும். அங்கிருந்து இன்னொரு இணைப்பு வழியாக ட்ராக்குக்குச் சக்தி போகும். முன் பிரேக் கிடையாது, பின் பிரேக் மட்டும். ரிவர்ஸ் கியரும் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை மரக்கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பிறகுதான் எல்லோரும் யோசிப்பார்கள்.

120, 129, 137 என்பவை ட்ராக்கின் மொத்தச் சுற்றளவு, அங்குலத்தில். வெறும் 9 அங்குல வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஒரு பிப்ரவரியில் ரெவல்ஸ்டோக் பக்கத்து ஃப்ரிஸ்பி ரிட்ஜ் மலையில் முதல் நாள் இரவு கொட்டிய பனியில் ஏறினோம். இடுப்பளவு பனி, மாவு மாதிரி. சரிவில் பாதி ஏறியதும் என் 120 முன்னால் போவதை நிறுத்திவிட்டுக் கீழே தோண்ட ஆரம்பித்தது. த்ராட்டிலைத் திருகத் திருக, சேற்று வயலில் பைக்கை விட்ட மாதிரி பின்பக்கம் புதைந்துகொண்டே போயிற்று. 137 வைத்திருந்தவர் என்னைத் தாண்டி, அதே சரிவில், என்னைவிட மெதுவாக ஏறிப் போனார். நான் அரை மணி நேரம் மண்வாரியும் கையுமாக நின்றேன்.

அப்படியானால் 137தானே நல்லது என்று கேட்பீர்கள். அதே நாள் மதியம் மரங்களுக்கு நடுவில் இறங்கும்போது கதை மாறிவிட்டது. என் வண்டி இடுப்பை ஆட்டினாலே திரும்பியது. அவருடையது நீளமான பேருந்து மாதிரி, திரும்புவதற்கு இடம் கேட்டது. ஒரு மரத்தடிக் குழியில் ஸ்கீயைச் செருகிவிட்டார். ரிவர்ஸ் இல்லையே, மூன்று பேர் சேர்ந்து பின்னால் இழுத்தோம்.

நீளத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, குதிரைத்திறன். 450 சிசி மோட்டோகிராஸ் எஞ்சின் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 60 குதிரை தரும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதச் சக்தியை இழக்கும். ரெவல்ஸ்டோக்கில் மரங்கள் முடியும் உயரமான 2,000 மீட்டரில், அதாவது 6,500 அடியில், கையில் மிஞ்சுவது 48 குதிரை. பக்கத்தில் போகும் 850 சிசி ஸ்னோமொபைலுக்கு 165 குதிரை. அதன் எடை நம்முடையதைவிட அதிகம்தான், ஆனாலும் கணக்கு நம் பக்கம் இல்லை. இந்த 48 குதிரையை வைத்துக்கொண்டு 137 அங்குல ரப்பரைச் சுற்றுவதென்றால், நல்ல பனியில் கூட ஒரு கியர் கீழேயே ஓட்ட வேண்டியிருக்கும். டர்போ போடுபவர்களும், மேலே மேலே ஏறுவது மட்டுமே ஆசை என்பவர்களும் 137 வாங்கட்டும். 250 சிசி வைத்திருந்தாலோ, குதித்து விளையாடத்தான் போகிறேன் என்றாலோ 120 போதும். மற்றவர்களுக்கு 129. நான் மறுபடி வாங்கினால் அதைத்தான் வாங்குவேன்.

சரி, பிராண்டுகள். டிம்பர்ஸ்லெட் ஐடஹோ மாநிலத்தின் சாண்ட்பாயிண்ட்டில் ஆலன் மேங்கம் தொடங்கிய கம்பெனி. 2015-ல் பொலாரிஸ் வாங்கியது. முதலில் மவுண்டன் ஹார்ஸ், அப்புறம் ஏஆர்ஓ என்று வந்தன. ஏஆர்ஓ 120, 129, 137 மூன்று அளவிலும் வந்தது. குழந்தைகளின் 110 சிசி பைக்குக்கு ரிப்பர் என்றொரு குட்டிக் கிட்டும் விட்டார்கள். மலையில் நான் அதிகம் பார்ப்பது டிம்பர்ஸ்லெட்டைத்தான். அதனால் ஒரு போல்ட் உடைந்தால் கார் நிறுத்துமிடத்திலேயே யாரிடமாவது கேட்டு வாங்கிவிடலாம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கால்கரியிலிருந்து 400 கிலோமீட்டர் ஓட்டிப் போய் ஒரு போல்ட்டுக்காகத் திரும்பி வருவது கொடுமை. யெட்டி கனடாவின் தயாரிப்பு. கார்பன் ஃபைபர் கூடு, கையால் தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். விலையும் தெரியும். காம்சோவின் டிடிஎஸ் 129-இல் அளவு பெயரிலேயே இருக்கிறது. காம்சோ ஸ்னோமொபைல் ட்ராக் செய்வதில் பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனி, 2018-ல் மிஷலின் வாங்கியது. இந்தக் கிட்டை நான் செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில்தான் பார்க்கிறேன். மலிவாகக் கிடைத்தாலும், உதிரி பாகம் யாரிடம் இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பிராண்டைவிட நான் கவனிக்கச் சொல்வது பைக்குக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள ஒரு தண்டை. பைக்கின் பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் அந்த இடம் காலியாகும். பழைய கிட்களில் அங்கே ஒரு கெட்டியான இரும்புத் தண்டைக் கொடுத்தார்கள். பைக்கும் கூடும் ஒரே துண்டாகிவிடும், ட்ராக்குக்குள் இருக்கும் சஸ்பென்ஷன் மட்டும் வேலை செய்யும். அப்புறம் அந்தத் தண்டுக்குப் பதில் ஷாக் வைக்க ஆரம்பித்தார்கள். டிம்பர்ஸ்லெட்டில் இதற்கு டிஎஸ்எஸ் என்று பெயர். மென்மையான பனியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மலைக்குப் போகும் பாதை, நூறு ஸ்னோமொபைல்கள் ஓடி அலை அலையாகக் கிடக்குமே, அங்கே இருபது கிலோமீட்டர் போனால் தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய முதுகுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பழைய கிட் வாங்கினாலும் இந்த ஷாக்கைத் தனியாக வாங்கிப் போடுங்கள்.

விலை விஷயத்தில் எல்லோரும் ஏமாறும் இடம் ஃபிட் கிட். புதுக் கிட்டின் விலை சுமார் 5,000 முதல் 7,000 அமெரிக்க டாலர், கார்பன் என்றால் அதற்கும் மேல். இதைப் பைக்கோடு இணைக்கும் பிராக்கெட், புஷ், ஸ்பேசர் எல்லாம் உங்கள் பைக்கின் கம்பெனிக்கும் மாடலுக்கும் ஏற்றபடி தனியாக வாங்க வேண்டும், சில நூறு டாலர். நான் வாங்கியபோது விற்றவர் "எல்லாம் பெட்டியில் இருக்கிறது" என்றார். இருந்தது, யமஹாவுக்கானது. என் பைக்குக்கு ஆர்டர் போட்டு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த வருடத்து ஜனவரி முழுக்கப் பைக் கராஜில் முக்காலி மேல் நின்றது. என் மனைவி அதன்மேல் துணி காயப் போட்டாள்.

கிட்டை ஒப்பிடுபவர்கள் பைக்கை மறந்துவிடுகிறார்கள். மோட்டோகிராஸ் பைக்குகளில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் கிடையாது, எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. கோடையில் சூட்டை வெளியேற்றுவதுதான் அதற்குக் கவலை. மைனஸ் 15 டிகிரியில் ரேடியேட்டர் மேல் பனி தூவிக்கொண்டே இருந்தால் எஞ்சின் சூடேறவே ஏறாது. முதல் பருவத்தில் இது தெரியாமல் ஓட்டினேன். ஆயிலை மாற்றும்போது பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. எஞ்சின் சூடாகாததால் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிட்டிருந்தது. இப்போது தெர்மோஸ்டாட் கிட் போட்டு, ரேடியேட்டரின் முக்கால் பாகத்தை டேப் ஒட்டி மூடி, கூலன்ட் 70 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். டேப்பின் விலை ஐந்து டாலர். ஏர் ஃபில்டரும் அப்படித்தான், தூசிக்காகச் செய்த நுரை ஃபில்டரில் பனித்தூள் ஒட்டி உறைந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். பனிக்கென்று தனி இன்டேக் உறை விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள்.

என்னுடையது போல ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த முன் ஃபோர்க்) உள்ள பைக்காக இருந்தால் இன்னொன்று. வீட்டு கராஜில் 20 டிகிரியில் 10.8 பார் காற்று அடைத்துவிட்டு மலைக்குப் போனேன். அங்கே மைனஸ் 15. குளிரில் காற்று சுருங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பம்பை மாட்டிப் பார்த்தால் 9.4 காட்டியது. ஸ்கீ ஏற்கெனவே முன்பக்கம் கனம், அதோடு ஃபோர்க்கும் தொங்கிவிட்டதால் ஒவ்வொரு பள்ளத்திலும் மூக்கைக் குத்தியது. நான் அதுவரை ஸ்கீயைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வண்டியை வெளியில் அரை மணி நேரம் நிற்க வைத்த பிறகுதான் காற்று அடைக்கிறேன்.

இறுகிய பாதையில் ஒற்றை ஸ்கீ தன்னிஷ்டத்துக்கு இடமும் வலமுமாக ஓடும். எந்தப் பிராண்டும் இதற்கு விலக்கல்ல. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம், தளர்த்திப் பிடித்து நின்றபடி ஓட்டுங்கள். அதே பாதை பனிக்கட்டியாக இருந்தால் வேறொரு தலைவலி. ட்ராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளைக் குளிரவைப்பதே பனிதான். தூளான பனி இல்லையென்றால் பட்டை உருகிவிடும், வாசனையே வந்துவிடும். ஸ்க்ராச்சர் என்று இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் விற்கிறார்கள். தரையைக் கீறிப் பனித்தூளை மேலே தள்ளும். கிட்டோடு வரவில்லையென்றால் அன்றைக்கே வாங்குங்கள்.

பட்ஜெட் போடும்போது, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடி எடுக்க உதவும் ட்ரான்ஸீவர் (சிக்னல் கருவி), ப்ரோப் (குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கிட் பாருங்கள். ஸ்னோ பைக் இலேசானது, ஸ்னோமொபைல் நுழையாத மரச்சரிவுகளில் எல்லாம் நுழையும். பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களும் அவற்றில் உண்டு. பனிச்சரிவு முன்னறிவிப்பு தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் தினசரி எச்சரிக்கையைப் படிக்காமல் எங்கள் குழுவில் யாரும் டிரக்கிலிருந்து வண்டியை இறக்க மாட்டோம்.

கடைசியாக, எப்போது வாங்குவது. ஏப்ரலில். பனி உருக ஆரம்பித்ததும் கராஜில் இடம் வேண்டும் என்று விற்பவர்கள் வருவார்கள், விலை இறங்கும். போகும்போது ஒரு டார்ச் கொண்டு போங்கள். ட்ராக்கைக் கையால் முழுச் சுற்று சுற்றி, உள்பக்கம் இருக்கும் இரும்புக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ரப்பர் பற்களின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பட்டை தேய்ந்து கூர்மையாகியிருந்தால் அதன் விலையைக் குறைத்துக் கேட்கலாம், தேய்வது சகஜம். ஆனால் கூட்டின் அலுமினியத்தில், பைக் வந்து உட்காரும் மூலையில், மயிரிழை விரிசல் தெரிந்தால் பேரம் பேசாதீர்கள், டார்ச்சை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் ஃபிட் கிட் எந்தப் பைக்குக்கு என்று கேட்க மறக்காதீர்கள்.