கட்டம் போட்ட சட்டையும் ஃபெலிக்ஸ் பூனையும்

கேள்வி: கல்லூரி இறுதியாண்டுக்காக இரண்டு நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றைத் தனியாளாகக் கையால் வரைந்து செய்கிறேன். நாயகன் கட்டம் போட்ட சட்டை அணிந்த சிறுவன். ஒரு படம் வரையவே 20 நிமிடம் ஆகிறது. ஓட்டிப் பார்த்தால் சட்டை நடுங்குகிறது. பழைய ஃபெலிக்ஸ் பூனைப் படங்களைப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். அவற்றில் எதைக் கவனிப்பது? ஃபெலிக்ஸையே என் படத்தில் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். திரையில் நொடிக்கு 24 ப்ரேம், அதாவது 24 தனிப்படங்கள், ஓடும். ஒரு படத்தை இரண்டு ப்ரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு 1,440 படங்கள். உங்கள் வேகத்தில் 480 மணி நேரம், அதுவும் நாயகனுக்கு மட்டும். சட்டை நடுங்குவது உங்கள் கைக் குற்றம் அல்ல. எந்தக் கோடும் படத்துக்குப் படம் மயிரிழை விலகத்தான் செய்யும்; கோடுகள் கூடக் கூட நடுக்கமும் கூடும். கட்டங்களை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஃபெலிக்ஸின் உருவமே இந்த நெருக்கடியில் விளைந்ததுதான். 1919-ல் நியூயார்க்கில் பாட் சல்லிவனின் ஸ்டூடியோவில் ஓட்டோ மெஸ்மர் அந்தப் பூனையை வரைந்தார். (திரையில் சல்லிவன் பெயர்தான் வந்தது, மெஸ்மரின் பங்கு வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் ஃபெலிக்ஸைப் பற்றிப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.) உடம்பு முழுக்கக் கறுப்பு மை, முகத்தில் மட்டும் வெள்ளை. உள்கோடுகள் வரையும் வேலை மிச்சம், அடர்ந்த கறுப்பு திரையில் நன்றாகவும் அசையும் என்பது மெஸ்மர் சொன்ன காரணம். தொடக்கப் படங்களில் உருவம் கோணல்மாணலாக இருக்கும். பின்னால் பில் நோலன் என்ற அனிமேட்டர் அதை உருண்டையாக்கினார். வட்டத்தைத் திருப்பித் திருப்பி வரைவது எளிது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உருவம் கெடாது.

ஆனால் கறுப்பில் ஒரு சிக்கல் உண்டு. கை மார்புக்கு முன்னால் வந்தால் உடம்போடு கலந்து காணாமல் போய்விடும். மிக்கி மவுஸுக்கு 1929-ல் வெள்ளைக் கையுறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் சிறுவனுக்கு ஒரே அடர்நிறத்தில் சட்டை கொடுங்கள்; முக்கியமான கையசைவுகளை உடம்புக்கு வெளியே, பக்கவாட்டில் வையுங்கள். ஒவ்வொரு கீ போஸையும் (அசைவின் முக்கிய நிலையையும்) முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் என்ன நடக்கிறது என்று புரிந்தால்தான் அந்த போஸ் தேறியது. புரியவில்லையென்றால் முகத்தில் எத்தனை விவரம் சேர்த்தாலும் பயனில்லை.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃபெலிக்ஸ் யோசிக்கும் இடங்களை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, முன்னும் பின்னும் நடக்கும். பிறகு நிற்கும். நம்மைப் பார்க்கும். அந்த நடையில் வேலை மிகக் குறைவு: ஒரே வாக் சைக்கிள், அதாவது ஒரு சுற்று நடைக்கான சில படங்கள், திரும்பத் திரும்ப. ஆனால் பூனையின் மனசுக்குள் ஏதோ ஓடுகிறது என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார். இந்த ஞானம் மெஸ்மருக்கு சாப்ளினிடமிருந்து வந்தது. ஃபெலிக்ஸுக்கு முன் அதே ஸ்டூடியோவில் சாப்ளின் கார்ட்டூன்கள் செய்தார்கள். சாப்ளினே தன் புகைப்படங்களை அனுப்பினார், மெஸ்மர் அவருடைய உடல்மொழியைக் கூர்ந்து படித்தார். 1923-ல் வந்த ‘ஃபெலிக்ஸ் இன் ஹாலிவுட்’ படத்தைத் தேடிப் பாருங்கள். ஃபெலிக்ஸ் தன் வாலையே கைத்தடியாக்கி சாப்ளினைப் போல நடக்கும். கார்ட்டூன் சாப்ளின் வந்து, என் வித்தையைத் திருடுகிறாயா என்று சண்டைக்கு நிற்பார்.

அந்த வாலையும் கவனியுங்கள். தேவைக்கேற்ப அது கைத்தடியாகும், கொக்கியாகும், கேள்விக்குறியாகும். புதிதாக எதையும் வரையாமல், ஏற்கனவே உடம்பில் இருப்பதை வைத்தே கதை நகர்கிறது. உங்கள் சிறுவனிடமும் அப்படி ஒரு பொருள் இருக்கட்டும். தொப்பி, துண்டு, பள்ளிப்பை, எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றே ஒன்று.

ஒலியைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். 1928-க்குப் பிறகு பேசும் கார்ட்டூன்கள் வந்தபோது, மௌனப் படமாக எடுத்தவற்றுக்குப் பின்னால் ஒலி சேர்த்துத்தான் ஃபெலிக்ஸை வெளியிட்டார்கள். அது எடுபடவில்லை. இசையின் தாளத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ப ப்ரேம்களை எண்ணுங்கள்.

இனி உரிமை. 1928 வரை வெளிவந்த ஃபெலிக்ஸ் படங்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஃபெலிக்ஸ் என்ற பாத்திரத்தின் வணிக உரிமையை 2014-ல் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனம் வாங்கியது. வணிகச் சின்ன உரிமை பதிப்புரிமையோடு சேர்ந்து காலாவதியாவதில்லை. பழைய படத்திலிருந்து ஒரு துண்டை வகுப்பில் போட்டுக் காட்டுவது வேறு, ஃபெலிக்ஸ் பெயரைத் தலைப்பில் வைத்துப் படத்தைப் போட்டிகளுக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்பாக, பிற்கால ஃபெலிக்ஸ் கையில் வைத்திருக்கும் மாயப் பையைத் தொடவே வேண்டாம்; அது 1950-களின் இறுதியில் ஜோ ஓரியோலோவின் தொலைக்காட்சித் தொடரில் வந்தது, மெஸ்மரின் மௌனப் படங்களில் கிடையாது.