வாலி கேட்ட கேள்வியை உங்கள் மகளும் கேட்கிறாளா?

பிள்ளைகளுக்குப் புராணக் கதை சொல்வது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பண்டிகைக் காலம் நெருங்கினால் இந்தக் கேள்விகள் கூடிவிடுகின்றன.

கேள்வி: "ராமர் மறைந்து நின்று வாலி மேல் அம்பு விட்டது தப்புதானே?" என்று பத்து வயது மகள் கேட்கிறாள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: சமாளிக்கவே வேண்டாம். அவளுக்கு முன்பே வாலி அதைக் கேட்டுவிட்டான். மார்பில் அம்பு தைத்துக் கிடக்கும்போதுதான் ராமனை மடக்கி மடக்கிக் கேட்கிறான். வால்மீகியும் கம்பரும் அந்த வாதத்துக்குத் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஏன் மறைந்து நின்று எய்தாய் என்பதற்குக் கம்பராமாயணத்தில் இலக்குவன்தான் விடை சொல்கிறான்: நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய், அப்புறம் சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? இந்த விடை போதுமா என்று உங்கள் மகளிடமே கேளுங்கள். வாலி தன் தம்பிக்குச் செய்த கொடுமையையும் சொல்லுங்கள். இரு தரப்பையும் கேட்ட பிறகும் அவள் "தப்புதான்" என்றால் குடி முழுகிவிடாது. "சாமியைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று வாயை அடைத்தால் அவளுடைய அடுத்த கேள்வி உங்களிடம் வராது.

கேள்வி: நான்கு வயதுப் பையனுக்கு நரசிம்மர் கதை சொல்லலாமா?

பதில்: தூண் பிளக்கும் இடம்வரை சொல்லுங்கள். அந்த வயதுக்குத் தூணே போதும். மிச்சத்தை ஏழெட்டு வயதில் அவனே கேட்பான்.

கேள்வி: தீபாவளிக்கு நரகாசுரன் கதை சொன்னேன். மறு வாரம் என் மகன் வகுப்பில் ஒரு பையனை "அசுரன்" என்று பட்டம் கட்டி அழ வைத்துவிட்டான்.

பதில்: ஒரே கதையோடு நிறுத்தியதால் வந்த வினை. பிரகலாதன் யார்? அசுரன் மகன். மகாபலி அவனுடைய பேரன். குரு சுக்கிராச்சாரியார் தடுத்தும், வாமனனுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து மகாபலி பின்வாங்கவில்லை. ஓணத்தன்று கேரளத்தில் பூக்களமிட்டு வரவேற்பது அந்த அசுரனைத்தான். நரகாசுரனையே எடுத்துக்கொள்ளுங்கள்: பூமாதேவி பெற்ற பிள்ளை அவன். அவன் இறந்த நாளை மக்கள் மகிழ்ச்சியாகக் கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்கப்பட்டதாகத்தான் நம் வீடுகளில் சொல்லி வருகிறோம். மூன்று கதைகளையும் ஒரே வாரத்தில் சொல்லிப் பாருங்கள். அதோடு, அழுத பையனிடம் உங்கள் மகன் போய்ப் பேசவும் வேண்டும். அதற்குக் கதை உதவாது. நீங்கள்தான் கூடப் போக வேண்டும்.

கேள்வி: மாம்பழக் கதையில் என் இளைய மகள் முருகன் கட்சி. உலகத்தையே சுற்றியவனுக்குப் பழம் கிடையாதா என்று கோபப்படுகிறாள்.

பதில்: எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பெற்றோரே உலகம் என்ற பகுதியைப் பெற்றோர்கள் கொஞ்சம் அதிகமாகவே ரசிக்கிறார்கள்! கதையை அங்கே முடிக்காதீர்கள். கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன பிள்ளையைத் தேடிப் போய் அப்பனும் அம்மையும் சமாதானம் செய்கிறார்கள். மூத்தவனோடு ஒப்பிட்டுப் புண்பட்ட எந்தப் பிள்ளைக்கும் அந்த இடம்தான் பிடிக்கும்.

கேள்வி: அணில் கதை ராமாயணத்திலேயே இல்லையாமே? பேரனிடம் இத்தனை நாள் சொல்லிவிட்டேன்.

பதில்: வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. ஆனால் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. குரங்குகள் மலைகளைத் தள்ளிக்கொண்டு வர, அணில்கள் நீரில் குளித்துப் புரண்டு ஓடிக் கடலை அடைக்கப் பார்க்கின்றன. அந்த அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் வருந்துகிறார். முதுகில் மூன்று கோடு விழுந்த செய்தி அந்தப் பாசுரத்தில் இல்லை, வாய்வழியாக வந்தது. இதையெல்லாம் பேரனிடம் அப்படியே சொல்லுங்கள், ஐயா. கதைக்கு ஒரு குறையும் வராது.

கேள்வி: கதை முடிந்ததும் நீதியை மனத்தில் பதிய வைப்பது எப்படி?

பதில்: பதிய வைக்க முயலாதீர்கள். "பார்த்தாயா, பரதன் அண்ணனுக்காக நாட்டையே விட்டான், நீ ஒரு பென்சிலைக் கொடுக்க மாட்டேன் என்கிறாய்" என்று தொடங்கினால், கதை என்பது திட்டுவதற்கான முன்னுரை என்று பிள்ளை புரிந்துகொள்ளும். இன்னொன்றும் உண்டு. ஓடம் விடும் குகனைத் தம்பியாக ஏற்ற ராமன் கதையைச் சொல்லிவிட்டு, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்தால், பிள்ளை டம்ளரைத்தான் நம்பும்.

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். தினமும் கதை சொல்ல நேரமில்லை.

பதில்: தினமும் வேண்டாம். நவராத்திரிக்குக் கொலு வைப்பீர்களானால், ஒரே ஒரு பொம்மையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அதன் கதையை ஒரு முறை நீங்கள் சொன்னால் போதும். பிறகு கொலு பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளைதான் சொல்ல வேண்டும். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். ஒன்பது நாளில் கதை எப்படியெல்லாம் மாறுகிறது என்று சுண்டல் கொடுத்துக்கொண்டே கேளுங்கள்.