ஊசி மேலயும் பழி, மருமக மேலயும் பழி

கேள்வி: எம் பையனுக்கு எட்டு மாசம். ஆறாம் மாச ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் அடிச்சு வலது கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, இருபது நிமிஷமாகியும் நிக்கல. அப்புறமும் ரெண்டு தடவ வந்துருச்சு, அதுல ஒண்ணு வெந்நீர்ல குளிப்பாட்டித் துவட்டுறப்பவே. மதுரை டாக்டர் ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்றாக. மாமியார் ஊசியாலதான்ங்கிறாக, நாத்தனாரோ "உங்க வீட்டு வழியில யாருக்கோ இருந்திருக்கு, மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீக"ங்கிறாக. ரெண்டு வீட்டுலயும் யாருக்கும் வலிப்பே கிடையாது, பெறகு எதுக்கு ஜீன் டெஸ்ட்?
- பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: தங்கச்சி, உங்க பையனுக்கு இன்ன வியாதின்னு நான் சொல்ல முடியாது, ஆனா டாக்டர் எதை மனசுல வச்சு டெஸ்ட் கேக்குறாருன்னு புரியுது. டிராவே சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு. 1978ல பிரான்ஸ் டாக்டர் சார்லட் டிராவே எழுதி வச்சது. ஒரு வயசுக்குள்ள, காய்ச்சலோட, உடம்புல ஒரு பக்கமா, நீளமா வர்ற வலிப்பு, சுடுதண்ணிக் குளியலுக்கும் வரும், நீங்க எழுதுன மாதிரியேதான்.

நாத்தனாருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. 2001ல பெல்ஜியத்துல இந்த நோய் உள்ள ஏழு புள்ளைகளச் சோதிச்சாங்க, ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏங்கிற ஜீன்ல பிழை இருந்துச்சு, பெத்தவங்க ரத்தத்துல பாத்தா அது இல்ல. புள்ளையில புதுசா விழுந்த பிழை. ஏடு படி எடுக்குறப்ப ஒரு எழுத்து மாறிப்போற மாதிரி, மூல ஏட்டுல தப்பே இருக்காது. டிராவேல பெரும்பாலும் இப்படித்தான். ஆக "உங்க வழி எங்க வழி"ங்கிற பேச்சுக்கே அங்க எடமில்ல. சில சமயம் தாய்க்கோ தகப்பனுக்கோ உடம்புல கொஞ்சம் செல்லுல மட்டும் அது ஒளிஞ்சிருக்கலாம், அதனால அடுத்த குழந்தைக்கு முன்னாடி மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

ஊசி விஷயம். ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன்ல சாமுவேல் பெர்கோவிச், இங்க்ரிட் ஷெஃபர்னு ரெண்டு டாக்டருங்க. ஒரு பெரிய குடும்பத்துல தூக்கத்துல வர்ற வலிப்ப தலைமுறை தலைமுறையா வம்சாவளி போட்டுத் தொடர்ந்து போயி 1995ல வலிப்புக்கான மொத ஜீனைப் பிடிச்ச கூட்டம் இவங்களோடதுதான். 2006ல அதே கூட்டம், ஊசியாலதான் மூளை கெட்டுப்போச்சுன்னு சொல்லப்பட்ட 14 பேரைச் சோதிச்சுப் பாத்தா 11 பேருக்கு இதே எஸ்சிஎன்1ஏ பிழை. ஊசி போட்டா காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தா இந்தப் பிழை உள்ள புள்ளைக்கு வலிப்பு கிளம்பும், ஊசி இல்லாட்டி ஒரு சளிக்காய்ச்சல்ல கிளம்பியிருக்கும். மாமியார் கண்ணால பாத்தது பொய் இல்ல, காரணம்தான் வேறயா இருக்கலாம். அடுத்த ஊசிய நீங்களா நிறுத்திறாதீக, டாக்டரக் கேட்டு காய்ச்சலுக்கு முன்னேற்பாட்டோட போடுங்க.

டெஸ்ட் எதுக்குன்னா மருந்துக்கு. மூளையில பிரேக் போடுற செல்லுங்களுக்கு சோடியம் போற வழிய அமைச்சுக் குடுக்குறது இந்த ஜீன். ஜீன்ல பிழை இருந்தா அந்த வழியில ஏற்கெனவே ஓட்டம் கம்மி. வலிப்புக்கு வழக்கமா எழுதுற கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் எல்லாம் அந்த வழியைத்தான் இன்னும் அடைக்கும், அதனால டிராவே புள்ளைக்கு வலிப்பு கூடிப்போகும். இவங்களுக்கு வால்ப்ரோயேட், குளோபசாம்னு வேற பாதை. இதுக்காக இப்ப குடுக்குற மருந்த நீங்களே நிப்பாட்டக் கூடாது, அது பெரிய ஆபத்து.

இன்னொண்ணு. எங்க வளவுல ஒரு பையனுக்கு இழுத்தப்ப பெரிய வீட்டுச் சாவிக்கொத்தக் கையில திணிச்சாக, இன்னொருத்தர் ஸ்பூனை வாயில விட்டு முன்பல்லு ஒண்ணு தெறிச்சுருச்சு, வலிப்பு என்னவோ அது பாட்டுக்குத்தான் நின்னுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் வேணாம், கடிகாரத்தப் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி. வலிப்ப நிப்பாட்ட மூக்குல அடிக்கிற மிடசோலம் ஸ்ப்ரே வீட்டுல வச்சுக்கலாமான்னு கேட்டு வைங்க, பள்ளத்தூர்ல இருந்து மதுரை கிட்டத்துலயா இருக்கு!

கேள்வி: நாங்க நகரத்தார், ஒரே கோவில்ல, அதாவது ஒரே பங்காளி வகையில, பொண்ணு எடுக்கிறதில்ல. மாமன் மகளக் கட்டினேன், அப்பவும் வலிப்புப் பயம் உண்டா?
- தேவகோட்டை வாசகர்

பதில்: கோவில் தகப்பன் வழியில போகும், ஜீன் ரெண்டு வழியிலயும் வரும். மாத்தூர் கோவிலும் வைரவன்கோவிலும் சம்பந்தம் பண்ணினாலும் உங்க அம்மாவப் பெத்த ஐயாவும் ஆயாவும்தானே உங்க வீட்டுக்காரிக்கு அப்பாவப் பெத்தவுக. ஒவ்வொரு ஜீனும் தாய்கிட்ட ஒண்ணு தகப்பன்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பிரதியா வரும், அந்த ரெண்டு பிரதியிலயும் பிழை இருந்தாத்தான் சில வலிப்பு நோய் வரும், உறவுல கட்டுறப்ப அந்த வாய்ப்பு கூடும். எல்லாருக்கும் வராது, பயந்து சாக வேண்டாம். அதுல ஒண்ணு பொறந்த கொஞ்ச நாள்லயே ஆரம்பிக்கும், எந்த வலிப்பு மருந்துக்கும் சரியா அடங்காது, ஆனா வைட்டமின் பி6 குடுத்தா அடங்கும். அதுக்கான ஜீன் 2006லதான் தெரிஞ்சுது. பச்சப்புள்ளைக்கு வலிப்பு நிக்கலைன்னா நாங்க சொந்தத்துல கட்டினவங்கன்னு டாக்டர்கிட்ட கூசாம சொல்லிருங்க, அதைக் கேட்டா அவரு பி6 பத்தியும் யோசிப்பாரு.