ஸ்பாரிங் என்பது சண்டையா, பயிற்சியா? பேச்சிலும் அந்தச் சொல் வருகிறதே?

பயிற்சிதான். ஆனால் எதிரே நிற்பவர் திருப்பி அடிக்கிற பயிற்சி. மணல்பை திருப்பி அடிக்காது. குத்து வாங்கும் மெத்தையை (pad) கையில் பிடிப்பவர் அடுத்து எந்தக் குத்து என்று முன்கூட்டியே காட்டிவிடுவார். எட்டும் தூரத்தைக் கணிப்பது, எதிராளியின் தோளைப் பார்த்தே குத்து வருவதை உணர்வது எல்லாம் ஸ்பாரிங்கில்தான் கைகூடும். புள்ளி கிடையாது, ஜெயித்தவர் கிடையாது. (பழைய நாள் ஆங்கிலத்தில் சேவல் காலை வீசி மோதுவதற்கும் இதே சொல்தான்.)

குத்துச்சண்டையை எடுத்துக்கொண்டால், போட்டிக் கையுறை 8 முதல் 12 அவுன்ஸ் வரை இருக்கும். ஸ்பாரிங்குக்குப் பெரும்பாலும் 16 அவுன்ஸ், மெலிந்தவர்களுக்கு 14. பல் காப்பும் அடிவயிற்றுக் காப்பும் கட்டாயம். தலைக்கவசத்தை மட்டும் அதிகம் நம்பிவிடாதீர்கள். அது புருவம் கிழியாமல் காக்கும். தலை வெடுக்கென்று திரும்பும்போது மூளை குலுங்குவதை அது தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமல்தான் மோதினார்கள்.

புதியவர்கள் முதல் நாளே முழுச் சண்டையில் இறங்கக் கூடாது. ஒருவர் இடக்கை நேர்க்குத்து மட்டும் விட, மற்றவர் தடுக்க மட்டும் செய்யலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். அடுத்து கழுத்துக்குக் கீழே மட்டும். அது பழகிய பின்பு, பாதி பலத்தில் எல்லாக் குத்தும். 3 நிமிடச் சுற்று, 1 நிமிட ஓய்வு, மொத்தம் மூன்று சுற்று போதும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், வேகம் ஏறுவதில். தான் கொடுத்த அடி லேசாகத் தோன்றும், வாங்கிய அடி பலமாகத் தோன்றும். இருவரும் ‘சமமாகத்தான்’ திருப்பிக் கொடுக்கிறார்கள், ஒரு நிமிடத்தில் நிஜச் சண்டையாகிவிடுகிறது. பலம் ஏறினால் கற்பதும் நின்றுவிடும். பயந்தவர் தெரிந்த குத்தையே விடுவார், புதிதாக எதையும் முயல மாட்டார். ‘குறைச்சுக்குவோம்’ என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் புதியவர்களின் வழக்கமான தவறுகள். குத்து விடும்போதெல்லாம் மூச்சை வெளியே விடுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்ற பிறகுதான் மறுபடி வளையத்துக்குள்.

பேச்சில் இதற்கு இரண்டு பொருள். ஒன்று, விளையாட்டாக ஒருவரையொருவர் சீண்டுவது. மற்றது, விவாதத்துக்கு ஒத்திகை. அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் எதிராளி வேடத்தில் ஒருவரை நிறுத்தி வைத்துப் பழகுவது இந்த வகை. நீங்களும் செய்யலாம்: 2 நிமிடம் ஒரு தரப்பு, 1 நிமிடம் மறுப்பு, பிறகு தரப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். மறுப்பதற்கு முன் எதிராளியின் வாதத்தை, ‘ஆமா, அதைத்தான் சொன்னேன்’ என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லுங்கள். பாதிப் பேர் இங்கேயே தடுமாறுவார்கள். எதற்கும் சரி சரி என்று தலையாட்டுகிறவர் இதற்கு உதவ மாட்டார்.

சீண்டலில் மணி அடிக்க ஆள் இல்லை. அதனால் பதிலைக் கவனியுங்கள்: கிண்டலுக்குக் கிண்டல் வந்துகொண்டிருந்தவரிடமிருந்து ‘ம்’, ‘சரி’ என்று மட்டும் வர ஆரம்பித்தால், அடி பலமாக விழுந்திருக்கிறது என்று பொருள்.